தட்டிப் பார்த்த பொய்

அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு அகராதி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் வாயால் சொன்னதில்லை. எதிர்த்துப் பேசுகிற பெண்ணை அகராதி பிடித்தவள் என்பார்களே, அப்படி மேலிடத்தில் யாரோ சொல்லி ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்த பெண்களோ அதற்கு வேறு காரணம் சொல்வார்கள். பொய்க்கு அவளிடம் இருந்த அத்தனை வார்த்தைகள் வேறு யாரிடமும் கிடையாது.

பொய்யைத் தரம் பிரிப்பதில் அவள் படு கறார். யாருக்கும் கெடுதல் இல்லாமல், கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற பொய் கப்சா. தன் பெருமையைத் தானே ஊதிப் பெருக்கினால் பீலா. பெரிய மனிதர் யாரையாவது துணைக்கு இழுத்துக்கொண்டு வந்தால் புருடா. நேற்று ஆரம்பித்து இன்றும் முடியாமல் நீண்டுகொண்டே போனால் சரடு. எதிரில் இருப்பவன் முட்டாள் என்று முடிவு கட்டிவிட்டே சொன்னால், அது காதில் பூச்சுற்றுவது. அது மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. பொய் சொல்லு, ஆனால் என்னை மட்டமாக நினைத்துச் சொல்லாதே என்பது அவள் கட்சி.

ஒரு நாள் 'ரீல் விடாதே' என்பதில் வருகிற ரீல் எது என்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை. தையல் நூல் சுற்றி வரும் ரீல்தான் என்றாள் ஒருத்தி. சினிமாப் படச்சுருள்தான் என்று அடித்துச் சொன்னார் வேன் ஓட்டுகிறவர். அவருடைய மாமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தாராம், அவரே வாயால் சொன்னாராம்.

"அண்ணே, மொதல்ல அந்த மாமா நிஜமா, இல்ல அவரே ரீலா? அதைச் சொல்லுங்க" என்றாள் அகராதி.

சாப்பாட்டு அறையே சிரித்தது. வேன்காரரும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு ரேடியோ என்று பட்டம். காதில் விழுந்ததை, துணி கொண்டுபோய்ப் போடுகிற விடுதி, மருத்துவமனை எல்லாவற்றிலும் ஒலிபரப்பாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஆலையில் இப்படிச் சிரிக்க முடிந்தது அந்தச் சாப்பாட்டு அறையில் மட்டும்தான். உள்ளே போய்விட்டால் இரைச்சல் காதைப் பிய்க்கும். ஊரில் உள்ள விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் பேச்சு கேட்காது. அதனால் ஒருவரை ஒருவர் கூப்பிட, துணி வண்டியின் இரும்புச் சட்டத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பேச்சை விழுங்கிவிடுகிற அந்த இரைச்சலிலும் இரும்பின் சத்தம் தனியாகக் கேட்கும். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களிலேயே எல்லோருக்கும் நடுவிரல் முட்டி காய்த்துப் போய்விடும்.

அகராதியின் வீட்டுக்காரர் அங்கேயே உருளை இஸ்திரியில் இருந்தார். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, உதறி, கொதிக்கிற உருளைக்கு அடியில் கொடுப்பது அவர் வேலை. அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வருவதை மடித்து அடுக்குவது அவள் வேலை. "உங்க குடும்பமே அந்த மெஷினுக்குள்ள போயிட்டு வருது" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் அதிகம் பேசாத மனிதர். வேலையில் சுத்தம். தன் கையில் போன விரிப்பு ஒன்றுகூடக் கோணலாக வந்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு.

உருளைக்கு முன்னால் தடுப்புச் சட்டம் ஒன்று இருந்தது. கை தவறி உள்ளே போய் அதில் பட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். கெட்டி விரிப்பு கொஞ்சம் சுருண்டு வந்து பட்டாலும் நின்றுவிடும். அதுதான் தொல்லை. அவசர வேலை வந்தால் சூப்பர்வைசர் அந்தத் தடுப்பைத் தூக்கி, கிழிந்த தலையணை உறையைப் பட்டையாகக் கிழித்துக் கட்டிவிடுவார். அவசரம் தீர்ந்ததும் அவிழ்த்து இறக்குவார். ஒரே நாளில் அது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். குனிந்த தலை நிமிராமல் விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு, அந்த நேரத்தில் அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்க ஏது நேரம்?

ஒரு விடுதிக்கு அவசரமாக விரிப்புகள் போகவேண்டியிருந்த நாளில், விரிப்போடு சேர்ந்து அவருடைய வலது கையும் உள்ளே போனது.

மெஷினை ஓடிவந்து நிறுத்தியது சூப்பர்வைசர்தான். அதை அகராதி ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் அடுத்து அவர் செய்ததையும் அவள் பார்த்தாள். மெஷினைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள், சூப்பர்வைசர் அந்தத் துணிப் பட்டையை அவிழ்த்துத் தடுப்பை இறக்கிவிட்டு, பட்டையைத் தன் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஐயோ, ஓடி வாங்க என்று கத்தினார். கீழே அவள் வீட்டுக்காரர் நினைவில்லாமல் கிடந்தார்.

கை மணிக்கட்டோடு போயிற்று. விசாரணை முதலாளியின் அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். சூப்பர்வைசர் தண்ணீர் குடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"தடுப்பு இருந்துச்சுங்க. காலையில நானே தட்டிப் பாத்தேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. எப்படித் தட்டிப் பார்த்தார் என்று காட்டுவதற்காக முதலாளியின் மேஜையில் விரல் முட்டியால் டொக் டொக் என்று இரண்டு தட்டினார்.

"பொய் சார்!" என்று அகராதி வாசலிலிருந்து கத்தினாள். "தூக்கிக் கட்டியிருந்தாரு. கட்டின துணியை அவுத்துப் பாக்கெட்டுல போட்டதை என் கண்ணால பாத்தேன்."

ஆய்வாளர் அவளைப் பரிவோடுதான் பார்த்தார். "நீங்க அவரோட மனைவி. அப்படித்தாம்மா சொல்வீங்க" என்றார்.

மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்று காலை தடுப்பு தூக்கிக் கட்டியிருந்தது ஆலைக்கே தெரியும். ஆனால் வேலை எல்லோருக்கும் வேண்டும். ஒருத்தி கவனிக்கவில்லை என்றாள். ஒருவர் தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். ரேடியோ அன்றைக்கு மட்டும் ஊமையானார். ஊழியரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று.

கை போனதைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது வீட்டில் நடந்தது. சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்காரர் கட்டில் முன்னால் நின்று ஒரு விரிப்பை இடது கையால் கட்டில் விளிம்புக்கு அடியில் செலுத்திக்கொண்டிருந்தார். செலுத்துவார், நிறுத்துவார், யோசிப்பார், மறுபடி எடுப்பார்.

"என்னங்க பண்றீங்க?"

"எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்னு பாக்கிறேன்" என்றார் அவர். "தடுப்பு இருந்தும் கை உள்ள போயிருக்குன்னா, நான் ஏதோ கோணலா புடிச்சிருக்கணும்."

"தடுப்பு இல்லைங்க. நான் பாத்தேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீ என் பொண்டாட்டி. அப்படித்தான் சொல்லுவே. அவர் தட்டிப் பாத்தாராமே."

கையை எடுத்துக்கொண்டு, அந்தக் கை போனதற்கு அந்த மனிதனையே குற்றவாளியாகவும் ஆக்கி, கடைசியில் அதை அவனையே நம்பவும் வைத்துவிட்ட பொய்! இதைக் கப்சா என்பதா, பீலா என்பதா? காதில் பூ என்பதுகூட இதற்கு முன்னால் செல்லப் பேச்சு. இத்தனை வார்த்தைகள் வைத்திருந்தவளுக்கு இந்தப் பொய்யைக் கூப்பிட ஒரு வார்த்தை இல்லை. இல்லாவிட்டால் என்ன, உண்டாக்கிவிட்டால் போகிறது என்று அவள் அன்றைக்கு முடிவெடுத்துவிடவில்லை. அது தானாகத்தான் வந்தது.

ஒரு மதியம் ரேடியோ தாமதமாக வந்து, வழியில் ஒரு பெரிய நடிகரின் கார் பஞ்சராகி நின்றதாகவும், தான்தான் சக்கரம் மாற்றிக் கொடுத்ததாகவும், அவர் தோளில் கைபோட்டு நன்றி சொன்னதாகவும் அளந்துகொண்டிருந்தார். பழைய பழக்கத்தில் எல்லோரும் அகராதியைத் திரும்பிப் பார்த்தார்கள். விசாரணைக்குப் பிறகு அவள் அந்த அறையில் வாய் திறந்ததே இல்லை. இப்போது கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேஜையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தட்டிப் பாத்தீங்களா, அண்ணே?"

முதலில் ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் அறையே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் ஒரு கூச்சமும் இருந்தது. சாட்சி சொல்ல வராத வாய்கள் அல்லவா? அதைப் பார்க்க அகராதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதே சமயம், இது எடுபடும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் பயந்தவர்களுக்கு முட்டியால் தட்டப் பயமில்லை.

அன்றிலிருந்து அவள் மெனக்கெட்டாள். யார் என்ன அளந்தாலும் தட்டினாள். ரேடியோவுக்குத் தனியாகத் தூபம் போட்டாள். அவர் போகிற விடுதிகளின் சமையல்கட்டிலும் மருத்துவமனைப் பணியாளர்களிடமும் அந்த வார்த்தை இறங்கியது. ஊரின் வாயில் விழுந்த பிறகு அது சும்மா இருக்குமா? 'தட்டிப் பாத்தியா' என்பது தேய்ந்து 'தட்டாதே' ஆயிற்று. பொய்யன் 'தட்டு பார்ட்டி' ஆனான். பேருந்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "நேத்து பூரா படிச்சேன்டி" என்றாள் ஒருத்தி. "தட்டாதடி" என்றாள் மற்றவள். பின் இருக்கையில் இருந்த அகராதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இறங்கவேண்டிய இடத்தை விட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தாள்.

வார்த்தை போன வேகத்துக்கு அதன் பிறப்பு போகவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பழக்கடைக்காரர், "தர்பூசணியைத் தட்டிப் பாத்துத்தானே வாங்குறோம், அதுலேருந்து வந்த பேச்சும்மா" என்று விளக்கம் கொடுத்தார்.

"பழமும் இல்ல, கிழமும் இல்ல" என்றாள் அவள். "சலவை ஆலையில ஒரு சூப்பர்வைசர் இருக்கார். கண்ணாடி போட்டிருப்பார், இடது பக்கம் வகிடு. சாயங்காலம் இந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவார். அவர்கிட்டேருந்து வந்த பேச்சு இது." நின்று, நிதானமாக, முழுக்கதையும் சொல்லிவிட்டுத்தான் பழத்தை எடுத்தாள். யார் தப்பான பிறப்புச் சொன்னாலும் இப்படித்தான். முடி வெட்டும் கடையானாலும் சரி, பள்ளிக்கூட வாசலானாலும் சரி, அவள் விடமாட்டாள்.

ஆலைக்குள் சூப்பர்வைசர் பாடு திண்டாட்டம். "இந்த ஆர்டர் ரொம்ப அவசரம்" என்று ஆரம்பிப்பார். பின்னாலிருந்து ஏதோ ஒரு வண்டிச் சட்டத்தில் டொக் டொக் என்று கேட்கும்.

"யாரது?"

"ஆளைக் கூப்பிட்டேன் சார்."

கேட்டால் இதுதான் பதில். தண்டிக்கவும் வழியில்லை, தட்டுவதுதானே அங்கே கூப்பிடும் முறை. கடுப்பில் ஒரு நாள் தட்டவே கூடாது என்று உத்தரவு போட்டார். அன்றே ஒரு வண்டி ஒருவர் காலில் ஏறியது. ஈரத்துணி போகவேண்டிய இடத்துக்குக் காய்ந்த துணி போயிற்று. முதலாளியே வந்து, "தட்டினா உனக்கென்னய்யா?" என்று திட்டி உத்தரவை எடுத்துவிட்டார். அகராதி அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்தாள்.

ஒருமுறை சூப்பர்வைசர் தன் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று முதலாளியிடம் விடுப்புக் கேட்டார். முதலாளி விளையாட்டாக மேஜையைப் பேனாவால் இரண்டு தட்டினாராம். அந்தத் தாயார் உண்மையாகவே படுத்த படுக்கையாக இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அகராதிக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நல்லவர்கள் சொல்லலாம். நல்லவர்களின் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு கையும் இருக்கிறது.

கடைசியில் ஒரு நாள், துணி காயவைக்கும் அறைக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் அவளை நிறுத்தினார். ஆள் இளைத்திருந்தார்.

"நேத்து என் சின்னப் பொண்ணு அவ அண்ணன்கிட்டச் சொல்றா, 'தட்டாதடா'ன்னு" என்றார். "அதுக்கு அர்த்தம் என்னன்னு கேட்டேன். 'பொய் சொல்றதுப்பா, எங்க ஸ்கூல்ல எல்லாரும் சொல்வாங்க'ன்னு சிரிக்குது. அதுக்கு மேல எனக்குச் சோறு இறங்கலை. போதும்மா. விட்டுடு."

"அது அப்பாவோட வார்த்தைன்னு பொண்ணுக்குத் தெரியுமா சார்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "உனக்கு என்னதான் வேணும்?"

"முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா என் வேலை போயிடும். பிள்ளைங்க இருக்கு."

அவர் வேலை போனால் அகராதி விருந்தே வைத்திருப்பாள். ஆனால் வீட்டில் கட்டில் முன்னால் நிற்கிற மனிதர் நினைவுக்கு வந்தார். விரிப்பைச் செலுத்திச் செலுத்தி, இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். முதலில் அது நிற்கவேண்டும்.

"அப்போ வீட்டுக்கு வாங்க. அவர் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. தடுப்பு இல்லைன்னு உங்க வாயால அவர் கேக்கணும். சொல்லிட்டா நான் விட்டுடறேன்."

அன்று சாயங்காலமே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்தார். வீட்டுக்காரர் பழைய மரியாதையில் எழுந்து நின்று, "உக்காருங்க சார்" என்றார். சூப்பர்வைசர் உட்காரவில்லை. அந்த மொட்டைக் கையைப் பார்த்தார். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார்.

"தம்பி, அன்னைக்குத் தடுப்பு இல்ல. நான்தான் தூக்கிக் கட்டினேன். அப்புறம் அவுத்துட்டேன். விசாரணையில நான் சொன்னது பொய். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

அகராதி சுவரோரம் நின்று தன் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் ஊர் வாயையே திருப்பியிருந்தாள். அவர் முகம் மெல்ல விரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

"தட்டாதீங்க சார்" என்றார்.

சூப்பர்வைசர் விழித்தார். "இல்ல தம்பி, நெஜமாத்தான்..."

"இவ உங்களை என்ன பாடு படுத்தறான்னு எனக்கும் காதுல விழுந்துச்சு. தாங்க முடியாம, இவ சொல்லச் சொன்னதை வந்து சொல்றீங்க. வேண்டாம் சார். என் தப்புக்கு நீங்க எதுக்குப் பழி சுமக்கணும்?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன்!"

"உங்க சத்தியத்தை இப்ப யாரு சார் நம்பறாங்க?" அதில் குத்தல் எதுவும் இல்லை, அவர் வருத்தத்தோடுதான் கேட்டார்.

சூப்பர்வைசர் அகராதி பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா!"

இந்த ஆள் வாயைத் திறந்தாலே பொய் என்று ஊரெல்லாம் பறைசாற்றியவள், இப்போது இவருக்காகவே பேசவேண்டியிருந்தது. "அவர் சொல்றது நெஜங்க" என்றாள். "இந்த ஒரு தடவை அவர் பொய் சொல்லலை. என்னை நம்புங்க."

"நீயும் கூடச் சேர்ந்துக்கிட்டுத் தட்டாதே" என்றார் வீட்டுக்காரர் கனிவாக. கட்டிலில் கிடந்த விரிப்பை இடது கையால் எடுத்து உதறினார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரிடம் கோபம், எதிரில் நின்ற ஆளிடம் கோபம், எல்லாவற்றையும் விடத் தன்னிடம் கோபம். வீட்டுக்காரர் நம்பியிருந்த ஒரே வாய் அந்தச் சூப்பர்வைசருடையது. அந்த வாயிலிருந்து எது வந்தாலும் நம்பாதே என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்தபோது, தன் வீடும் அந்த ஊரில்தான் இருக்கிறது என்பதை அவள் மறந்துபோனாள்.

சூப்பர்வைசர் விட்டால் போதும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவள் பின்னாலேயே போனாள்.

"நீ கேட்டதைச் செஞ்சுட்டேன்" என்றார் அவர், திரும்பாமலே. "இனிமே என்னை விட்டுடும்மா."

"அவர் நம்பலையே சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"நாளைக்கும் வாங்க. வந்து இதையே சொல்லுங்க."

"அப்பவும் நம்பலைன்னா?"

"அதுக்கு அடுத்த நாளும் வாங்க. அவர் நம்பற வரைக்கும் வாங்க. பொய்யை ஒரே வாட்டியில நம்ப வெச்சீங்கல்ல? உண்மைக்கும் கொஞ்சம் மெனக்கெடுங்க."

அவர் தெருமுனை திரும்பிப் போனார். மறுநாள் சாயங்காலம், வீட்டுக்காரர் கட்டில் முன்னால் விரிப்போடு நின்றுகொண்டிருந்தபோது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அகராதி போய்க் கதவைத் திறந்துவிட்டு, சூப்பர்வைசருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.